குணமாகாதவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

சபைகளின் ஜெபக்குழுச் சகோதரர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், வீடு சந்திக்கப் போகிற வாலிபப் பிள்ளைகளுக்கும்,



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கறிக்குழம்பு கொதிக்கிற வீட்டை விட்டுவிட்டு, ஒரு பையில் வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் நீங்கள். எந்தத் தெருவில் யாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது, எந்த வீட்டுப் பையன் வேலை போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான், எந்த வீட்டு வாசலில் கடன்காரன் வந்து நிற்கிறான் என்பதெல்லாம் சேகரத்து ஐயருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இதற்குச் சம்பளம் கிடையாது. பஸ் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். பாடு வந்த வீட்டுக்குச் சபை போய்ச் சேருவது உங்கள் கால்களால்தான். அதனாலேயே இந்த மடலைப் பேராயருக்கோ ஐயர்மாருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாடுகளின் நடுவே ஒரு விசுவாசி ஆவியில் நிலைத்து நிற்பது அவன் ஒருவனுடைய பலத்தால் ஆகிற காரியம் இல்லை. அவனுக்காக மற்றவர்கள் சேர்ந்து விசுவாசிக்க வேண்டிய நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் அவன் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் நீங்கள். நீங்கள் அங்கே என்ன பேசுகிறீர்கள், என்ன கேட்கிறீர்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறீர்கள் என்பதில் அவன் நிற்பதும் விழுவதும் பாதி அடங்கியிருக்கிறது. இதைத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, பாளையங்கோட்டையில் அவர் வீட்டுக்கு ஜெபிக்க வராத குழு இல்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு குழுவாகப் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கீமோ ஏற்றி வீட்டுக்கு வந்திருந்த நேரம். தண்ணீர் குடித்தாலே குமட்டல். படுத்திருந்தவரை எழுப்பி, முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தார்கள். மின்விசிறியை யாரோ வேகமாக வைத்தார்கள். அவருக்குக் குளிரும் என்று மதினி குறைத்தார். மறுபடி யாரோ கூட்டினார்கள். பாட்டு, வசனம், ஜெபம், மறுபடி பாட்டு என்று போய்க்கொண்டிருந்தது. மதினி அடுப்படியில் நின்று பால் காய்ச்சினார். வீட்டிலிருந்த டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் போய் வாங்கி வந்தார். எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அவர் கதவோரம் வந்து நின்றபோது, குழுவை நடத்தியவர் கேட்டார்: “வீட்ல அறிக்கையிடாத பாவம் ஏதும் இருக்காம்மா? முன்னோர் சாபம் எதுவும்?”

மதினி பதில் சொல்லவில்லை. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். குழுவை நடத்தியவர் அண்ணனிடம் திரும்பி, “கடுகளவு விசுவாசம் இருந்தாப் போதும் தம்பி. சந்தேகம் மட்டும் படாதீங்க. சந்தேகப்பட்டா வர்ற சுகமும் நின்னுபோகும்” என்றார்.

அன்று ராத்திரி அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “எனக்குச் சந்தேகம் இருக்குடே. அப்ப எனக்குச் சுகம் கிடைக்காதா?” வலியைப்பற்றி அவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. தன் விசுவாசம் எத்தனை கிராம் தேறும் என்ற கவலைதான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

வந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். இரண்டு பஸ் மாறி வந்தவர்கள், கண்ணீரோடுதான் ஜெபித்தார்கள். ஆனால் அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் நோயோடு குற்ற உணர்வும் குடியேறிவிட்டது. மருந்துக்கு அது கட்டுப்படவில்லை.

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கப்பர்நகூமில் ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டே இயேசு அவனிடம் பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று மாற்கு தனியாக எதுவும் சொல்லவில்லை. அவன் வாய் திறந்ததாகக்கூட இல்லை. ஒருவேளை அவனுக்குச் சந்தேகமே நிறைந்திருக்கலாம். இவர்கள் கூரையிலிருந்து தவறிப் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருந்திருக்கலாம். அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு இயேசு சுகம் கொடுக்கவில்லை.

ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் அசந்துபோயின. ஜெபத்தில் மோசேயை மிஞ்சினவர் யார்? அவருக்கே கை தளர்ந்தது. ஆரோனும் ஊர் என்பவரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அவர் உட்கார ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் நின்று, சூரியன் அஸ்தமிக்கிறவரைக்கும் கையைத் தாங்கினார்கள். அந்தக் கல் எனக்கு மிகவும் பிடிக்கும். களைத்தவனை முதலில் உட்காரவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

யோபுவின் சிநேகிதர்களை நாம் பிரசங்கங்களில் எப்போதும் ஏசுகிறோம். எலிப்பாசும் பில்தாத்தும் சோப்பாரும் தொடக்கத்தில் செய்தது நம்மில் பலரால் முடியாத காரியம். தங்கள் தங்கள் ஊரிலிருந்து புறப்பட்டு, ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டு வந்தார்கள். சிநேகிதனை அடையாளம் தெரியாமல் சத்தமிட்டு அழுதார்கள். அவனோடு தரையில் ஏழு நாளும் ஏழு ராத்திரியும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கெட்டது எட்டாம் நாள் வாயைத் திறந்தபோது. உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், நீ மறைத்த ஏதோ ஒன்று இருக்கும், மனந்திரும்பினால் எல்லாம் சரியாகும் என்று வரிசையாகப் பேசினார்கள். தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் பல வாக்கியங்கள் நம் பிரசங்கங்களில் வரக்கூடியவைதான். ஆனால் புத்தகத்தின் கடைசியில் கர்த்தருடைய கோபம் மூண்டது அவர்கள்மேல். புலம்பித் தீர்த்த, வழக்காடிய யோபுவின்மேல் இல்லை. அத்தோடு நிற்காமல், ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிடுங்கள், யோபு உங்களுக்காக வேண்டுதல் செய்வான் என்றும் கட்டளை வந்தது. ஆறுதல் சொல்லப் போனவர்களுக்காகச் சாம்பலில் உட்கார்ந்திருந்தவன் ஜெபிக்க வேண்டியதாயிற்று. நோயாளி வீட்டுக்குப் போகிற நாம் ஒவ்வொருவரும் யோபு 42ஐப் படித்துவிட்டுப் புறப்பட வேண்டும். ஜெபித்து முடித்த பிறகு, “எங்களுக்காக நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி” என்று படுத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மாறும். நோய் வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம், சுகம் வரவில்லையென்றால் விசுவாசம் இல்லை என்கிற கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வேதத்திலிருந்து வரவில்லை. எபேசுவில் பவுலின் சரீரத்தில் பட்ட துணிகளைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல், தன்னோடு ஊழியம் செய்த எபேசு ஊர்க்காரன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அதைத் தீமோத்தேயுவுக்கு ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகிறார். துரோப்பீமுவைக் குறை சொல்லவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அவர் அனுப்பிய யோசனை, கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பது. தன்னுடைய சொந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுக்கப்படவில்லை. ஆசியாவில் தனக்கு வந்த உபத்திரவத்தில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிருந்தது என்று கொரிந்தியருக்கு வெளிப்படையாக எழுதினவரும் அவர்தான். இத்தனையும் எழுதியிருக்கிற புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படுக்கையில் இருப்பவனிடம் விசுவாசம் குறைவு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மருந்தைப்பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள் என்று எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள். சொல்கிறவர் உங்கள் குழுவில் இருந்தால் அங்கேயே தடுங்கள். இன்சுலினையும் வலிப்பு மாத்திரையையும் மனநோய்க்கான மருந்தையும் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பவுலோடு கூடப் பயணம் செய்த லூக்கா வைத்தியன். 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடர் முழங்காலில் நின்று ஜெபித்தவர்தான். ஜெபமும் மருந்தும் அந்த மனிதர்களிடம் சண்டை போட்டுக்கொள்ளவில்லை.

நம் களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரை நினைத்துப் பாருங்கள். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண்குழந்தைகளை 1901 முதல் எடுத்து வளர்த்த எமி கார்மைக்கேல் அம்மையாரை நமக்கெல்லாம் தெரியும். ஞாயிறு பள்ளியில் அவர் கதையைச் சொல்லித்தானே வளர்த்தார்கள்? அந்தக் கதை பெரும்பாலும் மாட்டுவண்டியோடும் குழந்தைகளோடும் நின்றுவிடுகிறது. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஊழியத்துக்கென்று தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், மங்கிய வெளிச்சத்தில் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அறுபத்து மூன்று வயது. அதற்குப் பிறகு அவர் பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. 1951 ஜனவரி 18 அன்று மரிக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறைக்குள் வலியோடு கழிந்தது.

அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா போயிற்று? டோனாவூரே ஜெபித்தது. கடல் கடந்த நாடுகளிலிருந்தும் ஜெபித்தார்கள். விசுவாசம் இல்லாதவர் என்று அவரை யாராவது சொல்ல முடியுமா? குணம் கிடைக்கவில்லை. அந்த அறைக்குள்ளிருந்து அவர் புத்தகம் புத்தகமாக எழுதினார். 1933இல் வெளிவந்த ஒன்று நோயாளிகளுக்கென்றே எழுதியது. நோயாளிகளுக்கு ஆறுதல் என்று அச்சிட்டு வரும் பிரசுரங்கள் பலவும் சுகமாக நடமாடுகிறவர்கள் எழுதியவை, படுத்திருக்கிறவர்களுக்கு அவை ஒட்டுவதில்லை என்பதை அவர் அனுபவித்து அறிந்திருந்தார். அதனால் நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். டோனாவூருக்குப் போகிற வாலிபர் குழுக்கள் அவருடைய கல்லறையைத் தேடினால் பெயர் பொறித்த கல் இருக்காது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கும். அதில் “அம்மா” என்று மட்டும் எழுதியிருக்கும். அதைப் பார்க்கிற பிள்ளைகளுக்குக் கடைசி இருபது வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாட்டுவண்டிக் காலத்தைவிட அந்த இருபது வருஷம் பெரிய ஊழியம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, அழுகை. நம் சபைகளில் சாவு வீட்டில்கூட, “அழாதீங்க, நாம விசுவாசிகள்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டது. துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதப்படவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அந்தக் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். எண்பத்தெட்டாம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் வருகிற துதியின் திருப்பம் அதில் இல்லை. ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது, ஆராதனைப் பாட்டாகவே இருக்கிறது. புலம்பல் என்றே பெயர் வைத்து ஒரு முழுப் புத்தகம் நமக்குத் தரப்பட்டிருக்கிறது. எருசலேம் எரிந்த பிறகு எழுந்த ஐந்து பாட்டுகள். அதில் முதல் நான்கும் எபிரேயத்தில் அகர வரிசைப்படி அமைந்தவை. இருபத்திரண்டு எழுத்து, எழுத்துக்கு ஒரு அழுகை. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று என்று அறுபத்தாறு வசனம். அழுகிறவன் ஒரு எழுத்தையும் விடாமல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழுது தீர்க்க இடம் கொடுத்திருக்கிறார்கள். நாமோ ஒருத்தி இரண்டு வார்த்தை புலம்புவதற்குள் ஸ்தோத்திரம் சொல்ல வைத்துவிடுகிறோம்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் கடல் ஊருக்குள் வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அடக்கம் செய்யச் சரீரம்கூட இல்லாத வீடுகள் குமரிக் கரையில் இருக்கின்றன. அந்தத் தாய்மாரிடம் எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு போவீர்கள்? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே பதிலும் சொல்லியிருக்கிறார். பிறவிக் குருடனைக் கண்டு, இவன் செய்த பாவமா பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார். மதினியிடம் கேட்ட கேள்விக்குப் பதில் யோவான் ஒன்பதில் ஏற்கெனவே இருக்கிறது.

அப்படியானால் ஒருவனை எதுதான் தாங்குகிறது? ஜெர்மனியின் டீட்ரிக் போன்ஹோஃபர் போதகரைப் பாருங்கள். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததால் 1943 ஏப்ரல் 5 அன்று கைதாகி பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம்கூட அவரிடம் எட்டிப்பார்த்ததை அவர் விட்டுப்போன குறிப்புத் தாள்கள் காட்டுகின்றன. வேதசாஸ்திரம் போதித்தவருக்கே அந்த நிலை. அங்கே அவரைப் பிடித்து நிறுத்தியது பழகிய பழைய காரியங்கள்தான்: வருஷக்கணக்காக நாள்தோறும் வாசித்துவந்த சங்கீதங்கள், பவுல் கெர்ஹார்ட்டின் ஞானப்பாட்டுகள். முப்பது வருஷப் போரைக் கண்டவர் அந்த கெர்ஹார்ட். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரை அடக்கம் செய்தவர். அவர் பாட்டுகளை நம் லுத்தரன் சபையார் இன்றும் தமிழில் பாடுகிறார்கள். 1943 கிறிஸ்துமஸுக்குப் போன்ஹோஃபர் உடன் கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக்கொடுத்தார். சொந்தமாக ஜெபிக்க முடியாதவர்கள் அதை வாசித்தால் போதும். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். விசுவாசிகள் சேர்ந்து வாழ்வதைப்பற்றிச் சிறைக்குப் போவதற்கு முன்பே, 1939இல், ஒரு சிறு புத்தகம் வெளியிட்டிருந்தார். மனம் தளர்ந்த கிறிஸ்தவனுக்குத் தன் உள்ளிருந்து வரும் வார்த்தை போதாது, இன்னொரு விசுவாசியின் வாயிலிருந்து அது வந்தாக வேண்டும் என்பது அதில் அவர் அழுத்திச் சொன்ன கருத்து.

அண்ணன் வீட்டிலும் அதைக் கண்டேன். கடைசி மாதங்களில் இரவுக் குடும்ப ஜெபத்தில் அண்ணனுக்கும் மதினிக்கும் சொந்த வார்த்தை வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் பாயில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல வேகவேகமாகக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும். பெரியவர்கள் இருவரும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டில் ஜெபம் நின்றுபோனதாக நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

நம் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடியது ஜான் பனியனின் கதையைத் தழுவித்தான். பனியன் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் பெட்ஃபோர்டு சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் கிடந்தவர். உள்ளே உட்கார்ந்து நாடாக்களுக்கு முனை பூட்டிக் கொடுத்துத்தான் வெளியே இருந்த குடும்பத்துக்குக் காசு அனுப்பினார். மூத்த மகள் மேரிக்குக் கண் தெரியாது. அவளைப் பிரிந்திருந்ததுதான் அவரை எல்லாவற்றிலும் அதிகமாக வதைத்தது. அப்படிப்பட்டவர் எழுதிய கதையில் கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள். எத்தனையோ பள்ளத்தாக்கைக் கடந்து, எத்தனையோ சண்டையில் ஜெயித்து, பரம நகரத்தை எதிரே பார்த்தபிறகு, இடையில் ஓடுகிற மரண ஆற்றில் கிறிஸ்தியான் அமிழ்ந்துபோகிறான். பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன; தேவன் தன்னைக் கைவிட்டார் என்று கலங்குகிறான். நம்பிக்கை என்று பெயர்கொண்ட தோழனுக்கு ஆற்றின் அடித்தரை காலில் தட்டுப்படுகிறது. அவன் கிறிஸ்தியானுடைய தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தரை தெரிகிறது, பயப்படாதே என்கிறான். இருவரும்தான் கரையேறுகிறார்கள். ஆற்றில் அலறியவன் என்பதற்காகக் கிறிஸ்தியானுக்கு வாசல் அடைக்கப்படவில்லை.

உங்கள் வேலை அந்தத் தோழனுடைய வேலை. தண்ணீரில் தத்தளிப்பவனிடம் உனக்குத் தரை தெரிகிறதா, ஏன் தெரியவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அவன் மூழ்கிவிடுவான்.

அண்ணன் இருந்த அதே தெருவில் ஒரு அக்கா உண்டு. எந்தக் குழுவிலும் பேச்சாளர் இல்லை; மேடை ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாரத்தில் சில நாள் காலையில் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவருவார். அழுக்கான படுக்கை விரிப்புகளை மதினியிடம் கேட்காமலே உருவிக்கொண்டு போய், சாயங்காலம் காய்ந்ததும் மடித்துக் கொண்டுவந்து வைப்பார். அண்ணன் விழித்திருந்தால் ஒரு சங்கீதம் வாசிப்பார். தூங்கிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. ஒருநாள் மதினி, “ஜெபிக்கவே முடியலக்கா, வாயில வரமாட்டேங்கு” என்று சொல்லி அழுதபோது அவர் சொன்னது: “நீ ஜெபிக்க வேண்டாம்ளா. உனக்கும் சேத்து நாங்க ஜெபிச்சிக்கிடுதோம். நீ போய்ச் செத்த நேரம் படு.” மதினி போய்ப் படுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு பகலில் தூங்கினார்.

சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற நிலையில் கிடந்த எலியாவுக்கும் இதுதான் நடந்தது. தூதன் அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், தூதன் தடுக்கவில்லை. இரண்டாம் தரம் வந்து மறுபடியும் சாப்பிடத்தான் சொன்னான். கர்மேலில் அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசியிடம், உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று அவன் கேட்கவில்லை. ஓரேபில் கர்த்தர் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து.

அண்ணன் குணமாகவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மதினி இன்று சபையில் இருக்கிறார், பிள்ளைகளை வளர்க்கிறார், பாடகர் குழுவில் பாடுகிறார். அவர் விசுவாசத்தில் நிற்பதற்கு என்ன காரணம் என்று என்னைக் கேட்டால், கர்த்தருடைய கிருபை என்பேன். அடுத்தபடியாக அந்தக் கஞ்சி என்பேன்.

ஆகையால் உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளி வீட்டுக்குப் பதினைந்து பேராகப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும். போவதற்கு முன்னால் போன் செய்து, வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். காபியும் டம்ளரும் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் நீங்கள் பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். அவரைப் படுத்தபடியே இருக்கவிடுங்கள். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். சுகத்துக்காகத் தாராளமாகக் கேளுங்கள். அதைக் கேட்கச் சொல்லித்தான் யாக்கோபு மூப்பர்களை வீட்டுக்கு வரவழைக்கச் சொன்னார். ஆனால் பாவத்தைத் துருவாதீர்கள், சாபத்தைத் தேடாதீர்கள், குணமாகும் தேதியைக் குறித்துக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரமும் போங்கள். அடக்கம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும், மூன்றாம் மாதமும், வருஷம் திரும்பும்போதும் போங்கள். அப்போதுதான் அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

கடைசியாக ஒன்று. நம் சாட்சிக் கூட்டங்களில் மைக் எப்போதும் குணமானவர்கள் கையிலேயே இருக்கிறது. கட்டி மறைந்தவர், கடன் தீர்ந்தவர், விசா கிடைத்தவர். அவர்களுக்காகவும் ஸ்தோத்திரம். ஆனால் மறைந்த கட்டி திரும்பி வந்தவரும், பிள்ளையைப் பறிகொடுத்தவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். துரோப்பீமு நம் சபையில் இருந்திருந்தால் அவருக்குச் சாட்சி சொல்ல வாய்ப்பே கிடைத்திருக்காது. அடுத்த மாதக் கூட்டத்தில் குணமாகாத ஒருவரை அழைத்துப் பேசவிடுங்கள். எப்படி நாளைத் தள்ளுகிறார், எந்த ராத்திரி ஜெபம் வரவில்லை, யார் தாங்கினார்கள் என்று அவர் சொல்லட்டும். அழுதால் அழட்டும். நடுவில் பாட்டை எடுத்துவிடாதீர்கள். அவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்களில் ஒருவன்